பன்னிரண்டு முழம்

ஏப்ரல் 6

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

நானும் உன் மாமாவும் சுகம். அவருக்கு இருமல் மட்டும் விட்டபாடில்லை. குவாரித் தூசி முழுவதையும் விழுங்குகிற மனுஷன் ஒரு கரண்டி மருந்தை விழுங்க மாட்டேன் என்கிறார். உன் மனைவிக்குக் கயிற்றுச் சக்கரம் சுற்றிச் சுற்றி மணிக்கட்டு வீங்கியிருந்ததே, வற்றிவிட்டதா?

இதையெல்லாம் கேட்கவா உட்கார்ந்து எழுதுகிறேன்? நேற்றுப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர் வந்திருந்தார். அடுப்பை ஊதிக்கொண்டே, "உங்க தம்பி கயிறு அறுந்து ஆள் விழுந்துட்டாராமே?" என்று ஏதோ மழை பெய்த சங்கதி மாதிரி கேட்டார். கையிலிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டு, யார் என்று கேட்டேன். விழுந்தது கிணற்றில் இறங்கித் தூர் வாருகிற உடும்பு அண்ணனாம். சுவரைப் பிடித்தால் விடமாட்டார் என்பதால்தான் அவருக்கு அந்தப் பெயரே வந்தது. அவர் விழுந்தார் என்றால் கயிறு எந்த லட்சணத்தில் இருந்திருக்கும்?

இது நடந்து மூன்று வாரம் ஆகிறதாம். நடுவில் நீ எனக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறாய். அதில் கன்றுக்குட்டி துள்ளுவதைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. உடும்பு அண்ணன் பெயரே இல்லை. ஏன்?

உடனே பதில் எழுது.

உன் அக்கா

ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். அவளுக்கு மணிக்கட்டு வீக்கம் வற்றிவிட்டது. மாமாவை வெந்நீரில் ஆவி பிடிக்கச் சொல். கன்றுக்குட்டி இப்போது தானாகவே புல் மேய்கிறது.

நீ கேள்விப்பட்டது உண்மைதான். பெரிய கிணற்றில் இந்த வருஷம் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. தூர் வார நீளமான வடம் வேண்டும் என்று கேட்டார்கள். போன மாதம் நான் திரித்த வடத்தைக் கொடுத்தேன். கிணற்று விளிம்புக் கல்லில் உரசி உரசி அறுந்துவிட்டது. உடும்பு அண்ணனுக்கு வலது கால் முறிந்துவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறார்கள். கடைசி இரண்டு ஆள் உயரத்திலிருந்துதான் விழுந்தார், அதனால் உயிருக்கு ஒன்றுமில்லை. உன்னைக் கலவரப்படுத்த வேண்டாம் என்றுதான் எழுதவில்லை.

வேறு விசேஷம் இல்லை.

தம்பி

ஏப்ரல் 25

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று எழுதும்போதே பேனா தயங்குகிறது.

உன் பழைய கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். மார்ச் இரண்டாம் தேதி நீ எழுதியது இது: "சணல் வண்டி இன்னும் வரவில்லை. கையில் ஒரு பிடி நார் கூட இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறேன்." நாரே இல்லாதவன் எண்பது முழ வடத்தை எதை வைத்துத் திரித்தாய்? உன் தலைமுடியை வைத்தா?

இன்னொன்று. பெரிய கிணற்றின் விளிம்பில் கல் எங்கே இருக்கிறது? அங்கே மரக்கப்பி போட்டு எத்தனை வருஷம் ஆகிறது! அப்பா உயிரோடு இருந்தபோது அந்தக் கப்பிக்கு எண்ணெய் விட என்னைத்தான் அனுப்புவார். கயிறு அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகுமே தவிர உரசாது. என் காதில் பூ சுற்றாதே.

அறுந்த முனையில் ஒரு சாண் வெட்டி, துணியில் சுற்றித் தபாலில் அனுப்பு. அப்பாவுக்கு மகளாகப் பிறந்தவள் நான். முனையைப் பார்த்தால் எப்படி அறுந்தது என்று சொல்லிவிடுவேன். அது உனக்கும் தெரியும்.

அக்கா

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே காற்றும் புழுதியும் அதிகம். மாமாவின் இருமல் எப்படி இருக்கிறது? இவள் உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

நீ கேட்ட ஒரு சாண் இதோடு இருக்கிறது. நான் யோசித்துப் பார்த்தேன். எலி கடித்திருக்கும் என்று தோன்றுகிறது. இந்த வருஷம் எலித் தொல்லை தாங்க முடியவில்லை. போனது போகட்டும். நீ அதையே நினைத்துக்கொண்டிருக்காதே.

தம்பி

மே 27

தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். இருமலும் இருக்கிறது.

முதலில் கல் உரசியது. இப்போது எலி கடித்தது. அடுத்த கடிதத்தில் இடி விழுந்தது என்று எழுதுவாயோ?

நீ அனுப்பிய துண்டு என் மடியில் கிடக்கிறது. பாரம் தாங்காமல் அறுந்த கயிற்றின் முனை ஒரே அளவில் இருக்காது. சேர்த்துத் திரித்த புரிகளில் ஒன்று முன்னால் போயிருக்கும், இன்னொன்று பின்னால் நிற்கும், நார் நாராகப் பிய்ந்திருக்கும். இதைக் கத்தியால் வெட்டி, கல்லில் தேய்த்துப் பிரித்துவிட்டிருக்கிறாய். நார் இன்னும் பச்சை வாசனை அடிக்கிறது. போன வாரம் திரித்த கயிறு இது. சணல் வண்டி வந்துவிட்டதா? சந்தோஷம்.

இவ்வளவு மெனக்கெட்டு ஒருவன் எதை மறைப்பான்? ஒரு மாதமாக அதைத்தான் யோசிக்கிறேன். சமைக்கும்போதும் அதே யோசனை, துணி துவைக்கும்போதும் அதே யோசனை. ஒன்றே ஒன்றுதான் தோன்றுகிறது. எழுதவே கை கூசுகிறது. நார் இல்லாத நேரத்தில் பழைய கயிறுகளைப் பிரித்து, அந்த நாரையே திரும்பத் திரித்து, புதுக் கயிறு என்று கொடுத்தாயா? நம் தொழிலில் அதைவிடப் பெரிய துரோகம் கிடையாது. அப்படிச் செய்த ஒருவரின் வீட்டுத் தண்ணீரைக் கூட அப்பா குடிக்க மாட்டார்.

நீ இதை வேறு யாரிடம் மறைத்தாலும் என்னிடம் மறைக்க முடியாது. ஏனென்றால் உன் மாமா மேஸ்திரியாக இருக்கிற குவாரியில் தொங்குவது உன் கயிறு. இருபத்திரண்டு கயிறு. தினமும் காலையில் ஆட்கள் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு பாறைச் சுவரில் இறங்குகிறார்கள். என் தம்பி கயிறு என்று நான் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி வாங்கினது. அவர் வேலைக்குப் போனால் திரும்பி வரும் வரை நான் வாசலை விட்டு நகர்வதில்லை.

ஆமாவா, இல்லையா? ஒரு வரி போதும்.

அக்கா

ஜூன் 15

அக்காவுக்கு வணக்கம்.

நாங்கள் நலம்.

நீ நினைத்தது சரி. பழைய கயிற்றைப் பிரித்துத் திரித்தேன். அந்த ஒரு வடம் மட்டும்தான். குவாரிக்கு அனுப்பிய இருபத்திரண்டும் நல்ல நாரில் திரித்தவை. அதை மட்டும் நம்பு.

தம்பி

ஜூன் 22

தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நாலாவது முறை உன் மாமாவிடம் கொடுத்துவிட்டேன்.

இருபத்திரண்டு கயிறும் நேற்று வண்டியில் ஏறிவிட்டன. இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே உன் வாசலுக்கு வந்து சேரும். இந்தப் பக்கத்தில் இருக்கிற மற்ற இரண்டு குவாரிகளுக்கும் முதலாளி சொல்லி அனுப்பிவிட்டார். இனிமேல் உன் கயிற்றை யாரும் தொட மாட்டார்கள். நான்தான் அப்படிச் செய்யச் சொன்னேன். மாமாவைக் குறை சொல்லாதே. அவர், "நல்லாத்தானே இருக்கு, இழுத்துப் பாத்துட்டு வெச்சுக்கலாமே" என்றார். நான்தான் கேட்கவில்லை. கல் என்றாய், எலி என்றாய், அதற்கப்புறம் உண்மையைச் சொன்னாய். அப்படிப்பட்டவன் 'நம்பு' என்றால் எதை வைத்து நம்புவது?

வண்டி போன பிறகு உட்கார்ந்து அழுதேன். அழுதேன் என்பதற்காக நான் செய்தது தப்பு என்று நினைத்துக்கொள்ளாதே.

உடும்பு அண்ணனுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். உன் சார்பில் மன்னிப்புக் கேட்க இந்த வீட்டில் ஒருத்தியாவது இருக்க வேண்டாமா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

ஜூலை 14

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் சொல்லச் சொல்ல என் மக எழுதுறா. நடுவுல நான் யாரையாவது திட்டினா அதையும் எழுதிடாதன்னு சொல்லி வெச்சிருக்கேன். நீயும் உன் வீட்டுக்காரரும் சௌக்கியமா இருக்கீங்களா? எனக்குக் கால் கட்டைப் பிரிச்சாச்சு. கோல் ஊனி வாசல் வரைக்கும் வர்றேன். இனிமே கிணத்துல இறங்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. உடும்புன்னு பேரை வெச்சுக்கிட்டு நாற்காலியில உக்காந்திருக்கேன். எனக்கே சிரிப்பா இருக்கு. சில நாள் சிரிப்பும் வரல.

மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். எனக்கு ஒரு சந்தேகம். உன்னை விட்டா இதைக் கேக்க ஆள் இல்ல.

நான் விழுந்தப்போ கயித்தோட கீழ்ப்பாகம் என் இடுப்போடவே வந்திருச்சு. பன்னெண்டு முழம். அது எங்கிட்டதான் இருக்கு. உன் தம்பி மூணு தடவை வந்து அதைக் கேட்டான். கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டான். நான் குடுக்கல. தப்பு பண்ணவன்தானே தடயத்தைக் கேப்பான்? ஆனா பாரு, என்னைக் கிணத்துலேர்ந்து தூக்குனது அவன்தான். நாலு மாசமா வீட்டுக்குத் தண்ணி இறைச்சுக் குடுக்குறதும் அவன்தான். தப்பு பண்ணவன் மூஞ்சி அவனுக்கு இல்ல. அதான் குழப்பம்.

நான் இறங்குறப்போ கயிறு கல்லுல உரசவே இல்ல. என் தலைக்கு மேல ஒரு எடத்துல கயிறு தானா சுழல ஆரம்பிச்சுது. அங்க மெழுகு நூல் சுத்தியிருந்துது. அது பட்டு பட்டுன்னு தெறிச்சுது. முறுக்கெல்லாம் தளந்து, புரி ஒண்ணொண்ணா கழண்டு வந்துது. அந்த எடத்துக்கு மேல முறுக்கு வலப்பக்கம் போகுது. கீழ இடப்பக்கம் போகுது. முப்பது வருஷம் கயித்துல தொங்கினவன், இப்படி ஒண்ணைப் பாத்ததே இல்ல.

உங்க அப்பா பரண்ல வெச்சிருந்த வடம்னு சொல்லித்தான் அவன் அன்னைக்குக் குடுத்தான். பெருமையா வேற சொன்னான். நான் விழுந்தப்புறம், தான் திரிச்சதுன்னு மாத்திட்டான். உங்க வீட்டுல யார் அப்படித் திரிப்பாங்க? ஒரு முழம் வெட்டி அனுப்பியிருக்கேன். பாத்துட்டுச் சொல்லு.

உன் அண்ணன்

ஜூலை 21

தம்பி,

நலம் விசாரிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

உடும்பு அண்ணன் அனுப்பிய ஒரு முழம் என் முன்னால் இருக்கிறது. பிரித்த உடனே தெரிந்துவிட்டது. அது என் கை.

அப்பா காய்ச்சலில் படுத்திருந்தார். மரம் இறக்குகிறவர்கள் கேட்ட எண்பது முழ வடத்தில் பன்னிரண்டு முழம் குறைந்தது. மறுநாள் காலையில் எடுக்க வருகிறார்கள். நீயும் அம்மாவும் வைத்தியர் வீட்டுக்குப் போயிருந்தீர்கள். நான் தனியாக ஒரு முனையை ஆணியில் மாட்டி, கைக்கொக்கியால் சுற்றித் திரித்தேன். நான் இடதுகைக்காரி. கை அதன் பழக்கத்துக்குச் சுற்றியிருக்கிறது. முடித்துவிட்டுத்தான் பார்த்தேன், முறுக்கு எதிர்ப்பக்கம் போயிருந்தது. வலமுறுக்கையும் இடமுறுக்கையும் இணைத்தால் பாரம் ஏறியதும் ஒன்றை ஒன்று பிரித்துவிடும் என்று நம் வீட்டில் நடை பழகும்போதே சொல்லிக் கொடுத்தார்கள். பிரித்துத் திரும்பத் திரிக்கப் பொழுது இல்லை. பொழுது இருந்தது. எனக்கு மனசு இல்லை. இணைத்து, யாருக்கும் தெரியாமல் இருக்க மெழுகு நூலைச் சுற்றிவிட்டேன்.

மரக்காரர்கள் வரவே இல்லை. அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. வடத்தை யாரோ வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதும் பொய். நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். "எம் மக முடிச்சுக் குடுத்த வடம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் அப்பா சொல்லிக்கொண்டிருந்தாரே, அதைக் கேட்ட பிறகு வாய் திறக்க முடியவில்லை.

நீ விளிம்பிலேயே பார்த்திருப்பாய். உன் பக்கம் நின்ற முனையில் என் புரி சிக்கிக்கொண்டிருந்திருக்கும். கல், எலி, பழங்கயிறு எல்லாம் அதற்குத்தான். இல்லையா?

என் புத்தியைப் பார். நீ என்னைக் காப்பாற்றத்தான் மறைத்தாயா, அப்பா பெயரைக் காப்பாற்றத்தான் மறைத்தாயா என்று இப்போதும் மனசு துருவுகிறது.

மாமாவிடம் சொல்லிவிட்டேன். உடும்பு அண்ணனிடம் நேரில் சொல்ல வருகிறேன்.

அக்கா

ஆகஸ்ட் 5

அக்காவுக்கு,

அவள் நலம். மாமா நலமா?

இரண்டு பேரையும் காப்பாற்றத்தான் மறைத்தேன். என்னையும்தான். ஒரு வடத்தை வெளியே கொடுக்கும் முன் முழம் முழமாகக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். அப்பா வடம் என்று தடவாமல் கொடுத்தேன். அது என் தப்பு. உடும்பு அண்ணன் கால் போனதில் எனக்கும் பங்கு உண்டு. அதை நான் மறக்கவில்லை.

உடும்பு அண்ணனின் மச்சான்கள் அன்றைக்கு அரிவாளோடு வந்தார்கள். உன் பெயரைச் சொல்லியிருந்தால் குவாரி வரைக்கும் வந்திருப்பார்கள். அதனால்தான் நான் திரித்தது என்றேன். ஒருமுறை சொன்ன பிறகு மாற்ற வழியில்லை.

இதில் எல்லாம் எனக்குக் கோபம் இல்லை. கோபம் வேறொன்றில். ஆறு வருஷமாக உனக்குக் கயிறு அனுப்புகிறேன். ஒன்று கூட நூல் பிசகியதில்லை. என்ன கலந்தாய், எதை மறைக்கிறாய், எங்கே பிடிபடுவாய் என்று ஏப்ரலிலிருந்து துருவித் துருவிக் கேட்டாய். "நீ அப்படிச் செய்கிறவன் இல்லையே, என்னடா நடந்தது?" என்று ஒரு கடிதத்தில் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். எல்லாக் கடிதத்தையும் எடுத்துப் பார்த்துவிட்டேன். அப்படி ஒரு வரி இல்லை.

இருபத்திரண்டு கயிறும் முற்றத்தில் குவிந்து கிடக்கின்றன. உள்ளூரிலும் யாரும் வாங்குவதில்லை. அவளைக் கூடை பின்ன அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

வருவது உன் இஷ்டம்.

தம்பி

ஆகஸ்ட் 30

என் வீட்டுக்காரருக்கு,

நான் சுகமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் ஆவி பிடிக்கிறீர்களா? அலமாரியில் மேல் தட்டில் மருந்து இருக்கிறது. அது அலங்காரத்துக்கு வைத்ததில்லை.

வந்த அன்றே உடும்பு அண்ணன் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். பிறகு, "இதை எங்கிட்ட மட்டும் சொன்னா ஆச்சா?" என்று கேட்டார். கோலை எடுத்துக்கொண்டு அவரே முன்னால் நடந்தார். பெரிய கிணற்றடியில் தண்ணீர் எடுக்க நின்ற அத்தனை பேர் முன்னாலும் என்னைத் திரும்பச் சொல்ல வைத்தார். அவர் மச்சான்கள் அங்கேதான் நின்றார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். ஒருவன் காறித் துப்பிவிட்டுப் போனான். அவ்வளவுதான். அண்ணன் என்னை மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

முதலாளியிடம் நீங்கள் இன்றே பேச வேண்டும். நடந்ததை அப்படியே சொல்லுங்கள். என் பெயரைச் சொல்லுங்கள், கூச வேண்டாம். மற்ற இரண்டு குவாரிக்கும் அவரே சொல்லி அனுப்பட்டும். நம்ப மாட்டேன் என்றால், இருபத்திரண்டு கயிற்றையும் வண்டியில் திருப்பி அனுப்புகிறேன், வந்ததும் ஒவ்வொன்றிலும் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்க்கட்டும்.

தம்பி என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு வைக்கிறான், பாய் போடுகிறான், வாயை மட்டும் திறப்பதில்லை. வேண்டியதையெல்லாம் அவன் மனைவியிடம் சொல்வான். அவள் என்னிடம் சொல்வாள். இரண்டு அடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்குத் தபால்காரி வேலை பார்க்கிறாள், பாவம். அவளுக்கே நடுவில் சிரிப்பு வந்துவிடுகிறது.

சும்மா இருக்க முடியாமல் மூன்றாம் நாளிலிருந்து கயிறு திரிக்கும் களத்தில் இறங்கிவிட்டேன். அவள் சக்கரம் சுற்ற, நான் புரி விட்டுக்கொண்டே பின்னால் நடக்கிறேன். கை இன்னும் மறக்கவில்லை. உள்ளங்கை மட்டும் கொப்புளம் கொப்புளமாகக் கிடக்கிறது.

நான் திரித்து முடித்த கயிற்றைத் தம்பி ஒவ்வொரு நாளும் மடியில் போட்டுக்கொண்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முழம் முழமாகத் தடவிப் பார்க்கிறான். என் எதிரிலேயே உட்கார்ந்து பார்க்கிறான். கண்கொத்திப் பாம்பு மாதிரி இருக்கிறான். அவன் முடிக்கும் வரை நான் எழுந்து போவதில்லை.

இன்று காலையில் நடுவில் ஓரிடத்தில் கையை நிறுத்தினான். அங்கேயே கத்தியால் வெட்டினான். பாதியைச் சுருட்டி என் முன்னால் போட்டான்.

"திரும்பத் திரி."

ஒன்பது நாளில் அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. அந்த இடத்தில் குறை எதுவும் இல்லை. எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். குறையில்லாத இருபத்திரண்டு கயிற்றைத் திருப்பி அனுப்பியவள், ஏன் வெட்டினாய் என்று எப்படிக் கேட்பேன்? பிரித்து, நாரை நனைத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.

எப்போது ஊருக்குத் திரும்புவேன் என்று தெரியவில்லை. காத்திருங்கள்.

உங்கள் மனைவி